காசிராஜனின் இடது கை

1

இந்தக் கதை ஒரு கேள்வித்தாளிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கற்பனையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த இருபது கேள்விகளும் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் தெரியும்.

நான் முத்துச்செல்வி. வயது இருபத்திரண்டு, ஊர் கழுகுமலைப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் உதவியாளர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் வரவில்லை என்று குறிக்க வேண்டும். சனிக்கிழமைகளில், ஓவர்டைம் வேலைக்கு வருகிறவர்களின் ஓ.டி. பட்டியலை டைப் செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். மாலையில், அதே ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கும் தொழிலாளர் நலப் பட்டய வகுப்புக்குப் போகிறேன். அங்கே சங்கரநாராயணன் சார் ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்புக் கொடுத்தார். எனக்கு வந்தது: 'வயதான ஊழியர்களின் பணி அழுத்தத்தைக் குறைத்தல்'. ஐம்பது பக்க அறிக்கை, கம்பெனிக்கும் காட்ட வேண்டும்.

"பாத்தத எழுதும்மா, நெனச்சத எழுதாத" என்றார் சார்.

நாற்பத்தொன்பது பக்கம் முடிந்துவிட்டது. ஐம்பதாவது பக்கத்தில் நான் பார்த்த ஒன்றை எழுதித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சேர்த்தால் ஒருவருக்கு வேலை போகும். சேர்க்காவிட்டால் கை போகும். இந்த இரண்டாவது வாக்கியம் நான் பார்த்ததா நினைத்ததா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் அந்தப் பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, டைரியின் பின்பக்கத்தில் இதைக் கதையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று ஞாயிறு. 2003, ஐப்பசி. மழை விட்டிருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாடு முடிந்து மணி ஒன்று பத்து. நாளை காலை ஒன்பது மணிக்கு அறிக்கை எங்கள் பர்சனல் ஆபீசர் லீலா மேடத்தின் மேசைக்குப் போக வேண்டும். நிறைய நேரம் இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: 'பத்துப் பேரும் பிணங்களைப் போலக் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள்.'

வேண்டாம். பிணங்கள் அசையாது.

தொடக்கம் இரண்டு: 'காசிராஜன், டோக்கன் எண் 117, வயது ஐம்பத்து நான்கு, முறுக்கிய மீசை, சிவந்த கண்கள்.'

அவருக்கு மீசையே கிடையாது. கதையில் வருகிற ஆள் மாதிரி இருக்கட்டும் என்று நானாக வைத்தேன். எடுத்துவிடுகிறேன். அவருக்கு வழுக்கை உண்டு, சட்டைப் பையில் வெற்றிலை பாக்குப் பொட்டலம் உண்டு, இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். கண்கள் எல்லாரையும் போலத்தான்.

தொடக்கம் மூன்று: 'ஒரு மனிதனின் கைக்கு அவனுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை இருக்கிற

இதை முடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அப்படியே விட்டிருக்கிறேன். சங்கரநாராயணன் சார் அடித்தல் திருத்தலை அழிக்கக் கூடாது என்பார். எங்கே தடுமாறினோம் என்பதும் ஒரு தகவலாம்.

3

ஒழுங்காக, வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வருவது அதுதான்.

எங்கள் கம்பெனி முன்பு அம்பத்தூரில் இருந்தது. அதை மூடிவிட்டு இங்கே வந்தபோது பழைய ஆட்களில் பத்துப் பேர் கூடவே வந்தார்கள். எல்லாரும் பிரஸ் ஷாப். எல்லாரும் ஐம்பதுக்கு மேல். காலை ஏழு மணி ஷிஃப்ட்டுக்கு அவர்கள் நாலரைக்கு எழுந்து ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். மற்றபடி பிரஸ் ஷாப்பில் இருப்பவர்கள் என் வயதுப் பையன்கள், பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருப்பவர்கள். பையன்கள் மணிக்கு நானூறு அடிக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் மணிக்கு நானூறு.

பிரஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி அடிக்கும். அடிக்க வைக்க இரண்டு பட்டன்கள், தோளகலத்துக்குத் தள்ளித் தள்ளி. இரண்டையும் இரண்டு உள்ளங்கைகளால் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்தினால் மெஷின் அசையாது. இது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கையும் பட்டனில் இருந்தால், எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது. அவ்வளவுதான். அந்த ஏற்பாடே அதற்குத்தான்.

மணிக்கு நானூறு என்றால் ஒன்பது விநாடிக்கு ஒரு அடி.

என் அறிக்கைக்காக வாரம் ஒரு தளர்வுப் பயிற்சி வைக்கலாம் என்று லீலா மேடத்திடம் கேட்டேன். வியாழக்கிழமை மூன்றரைக்கு, முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன், பிரஸ் ஷாப்பை ஒட்டிய பயிற்சி அறையில். பத்துப் பாய்கள் வாங்கிக் கொடுத்தார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களின் அழுத்தத்தை அளக்க இருபது கேள்விகள் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். நான் என் குரலில் ஒரு கேசட் பதிவு செய்தேன். 'கண்களை மூடுங்கள். தோள்களைத் தளர விடுங்கள். கைகளை அப்படியே விடுங்கள்…' இப்படிப் பதினைந்து நிமிடம்.

முதல் வியாழன்.

"ஏம்மா, பாயெல்லாம் புதுசா இருக்கு, தலகாணி கிடையாதா?" என்றார் ஏசுவடியான். பத்துப் பேரில் அவர் ஒருவர்தான் எங்கள் பக்கத்துக்காரர், பாளையங்கோட்டை. "சம்பளமும் குடுத்து, படுக்கப் பாயும் குடுக்கான். என்னமோ சரியில்லையே."

"படுடா. எந்திரிச்சா பாத்துக்கலாம்" என்றார் காசிராஜன்.

எல்லாரும் சிரித்தார்கள். கேசட்டைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது. நான் டைரியும் கைக்கடிகாரமுமாக மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது நிமிடம் ஒரு ஜோடிக் கைகள் பாயிலிருந்து எழுந்தன. உள்ளங்கைகள் முன்னால் பார்த்தபடி, காற்றை மெல்ல அழுத்திவிட்டு, மார்பில் இறங்கின. பக்கத்துப் பாயில் இன்னொரு ஜோடி. பிறகு அடுத்தது. எட்டாவது நிமிடத்தில் எல்லாக் கைகளும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்து அழுத்தின, சேர்ந்து இறங்கின. முகங்களில் ஒரு சலனமும் இல்லை. வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒன்பது விநாடி.

4

அன்றைய டைரிக் குறிப்பை அப்படியே தருகிறேன்:

'பத்துப் பேருக்கும் கை அசைவு. காரணம்: பக்கத்தில் பிரஸ் ஓடும் சத்தம் சுவர் வழியே கேட்கிறது. 117 மட்டும் வேறு மாதிரி. வலது கை மட்டும் அழுத்துகிறது. இடது கை முன்னால் நீண்டு எதையோ எடுத்து வருகிறது. இடது கை திரும்பி வந்த பிறகு நான் இரண்டு எண்ணலாம். அதன் பிறகு வலது கை இறங்குகிறது.'

எழுதியது நான்தான். ஆனால் எழுதியதன் அர்த்தம் எனக்கு எட்ட இன்னும் எட்டு நாள் பிடித்தது. எழுதுகிறவர்கள் எல்லாம் புரிந்துதான் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்காதீர்கள்.

எழுந்ததும் அவர்களிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"இன்னாத்துக்கு பாப்பா கலாய்க்கிற? நான் கட்ட மாதிரி தூங்கிகினு இருந்தேன். வூட்ல கூட அப்டி தூக்கம் வர்ல எனக்கு" என்றார் காசிராஜன்.

இரண்டாவது வியாழன் மின்சாரம் இல்லை. பிரஸ் ஷாப் முழுவதும் நின்றுவிட்டது. கேசட் பிளேயரை பேட்டரியில் ஓட்டினேன். மழைத் தண்ணீர் தகரத்தில் சொட்டும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கைகள் எழுந்தன. ஒன்பது விநாடி.

(ஒரு குறிப்பு. அன்று மாலை கேசட்டை ஹாஸ்டலில் போட்டு அளந்தேன். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் விட்டிருந்த இடைவெளி ஒன்பது விநாடி. எல்லா இடத்திலும். பதிவு செய்தபோது நான் அளக்கவில்லை. டைம் ஆபீசும் பிரஸ் ஷாப்பை ஒட்டித்தான் இருக்கிறது, எட்டு மாதமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குறிப்பை அறிக்கையில் சேர்க்கவில்லை.)

காசிராஜனின் இடது கை திரும்பி வந்த பிறகு, இந்த முறை என்னால் ஒன்றுதான் எண்ண முடிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வருகைப் பதிவேட்டில் ஏதோ சந்தேகம் என்று பொய் சொல்லிக்கொண்டு பிரஸ் ஷாப்புக்குள் போனேன். காசிராஜனின் மெஷினுக்குப் பின்னால் நின்றேன். பாயில் பார்த்த அதே அசைவு, இங்கே மெஷினோடு. வலது கை பட்டனை அழுத்துகிறது. இடது கை அச்சுக்குள் போய், அடித்த துண்டை எடுத்து, புதுத் தகட்டை வைத்துவிட்டு வருகிறது. இடது பட்டனை யாரும் தொடவில்லை. ஆனாலும் அது அழுந்தியே இருந்தது. பட்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே பழுப்பாக ஏதோ செருகியிருந்தது.

கொட்டைப்பாக்கு.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு கெட்டவர் தேவைப்படுகிறார். லீலா மேடத்தை அப்படி எழுதிப் பார்த்தேன். 'உதட்டில் சிரிப்பும் கண்ணில் கணக்குமாக' என்று ஒரு வரிகூட எழுதினேன். அது பொய். அவர் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "தெனம் இதேவா?" என்று கேட்டுத் தன் பொரியலில் பாதியை வைப்பவர்.

சனிக்கிழமை அவரிடம் பேசினேன்.

"ஸ்கோர் பாத்தேன் செல்வி. பயிற்சிக்கு முன்னாடி டென்ஷன் எழுபத்தொண்ணு, ரெண்டே வாரத்துல நாப்பத்தி நாலு. நல்லா பண்ணியிருக்க. எனக்கு அம்பதுக்கு ரெண்டு வருஷந்தான் இருக்கு. உன் பாயில எனக்கும் ஒரு எடம் போட்டு வை."

"மேடம், ஒரு சந்தேகம். ஒருத்தரு பிரஸ்ல ஒரு பட்டன அடச்சி வச்சிட்டு, ஒத்தக் கையால ஓட்டுதாருன்னு வைங்க…"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு?"

"பாடத்துல வந்தது மேடம்."

"அன்னிக்கே சஸ்பென்ஷன். விசாரணை முடிஞ்சதும் வீட்டுக்கு. அதுல மன்னிப்பே கெடையாது, நானே நெனச்சாலும் முடியாது. அம்பத்தூர்ல நான் ஒரு கைய துணில சுத்தி எடுத்துட்டுப் போயிருக்கேன் செல்வி. கைய மட்டும்." பேனாவை மறுபடி எடுத்தார். "யாருன்னு தெரிஞ்சா அறிக்கைல எழுது. பேர் வேணாம். டோக்கன் நம்பர் போதும்."

ஐம்பதாவது பக்கம் அப்போதுதான் பிறந்தது. அன்று மாலையே எழுதினேன். மூன்றே வரி. மூன்றாவது வரியில் 117 என்ற எண்.

6

திங்கட்கிழமை கேண்டீனில் காசிராஜனும் ஏசுவடியானும் எதிரெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒரு நிமிசம் பேசணும்."

"நான் இன்னா மளிகக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்றார் காசிராஜன். "எத்தினி வாட்டி சொல்றது பாப்பா? அண்ணாச்சி வோணும்னா இதோ, உங்க ஊர்க்காரரு உக்காந்துகினு கீறாரு."

"என்னைய எதுக்குய்யா இழுக்க? நான் பாட்டுக்குத் தின்னுட்டு இருக்கேன்." ஏசுவடியான் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"ஒங்க எடது பட்டன்ல பாக்கு வச்சிருக்கீய. நான் பாத்தேன்."

காசிராஜன் வாயில் இருந்ததை விழுங்கினார். சுற்றிலும் பார்த்தார்.

"தோளு தூக்கவே மாட்டேன்து பாப்பா. சட்ட மாட்றதுக்கே வூட்ல ரெண்டு பேரு வோணும். நானூறு வாட்டி எங்கந்து தூக்கறது?"

"டாக்டர்ட்டச் சொல்லலாம்லா?"

"சொன்னா? அன்ஃபிட்டுன்னு எழ்தி வூட்டுக்கு அனுப்சிடுவான். தை மாசம் மதிவதனிக்கு கல்யாணம். என் பொண்ணு. பொண்ணோட அப்பா கம்பெனில பர்மனென்ட்டுன்னு சொல்லித்தான் சம்மந்தம் பேசிகீது. தை வரிக்கும் உட்ரு. அப்பால நானே எழ்திக் குட்த்துட்டு போய்டறேன்."

"கை போயிரும்."

"இருவத்தாறு வருசமா பிரஸ்ல கீறேன். கைக்கு எல்லாம் தெரியும். அது பாட்டுக்கு போவும், அது பாட்டுக்கு வரும்."

"போகுதது சரியாத்தான் போகுது. வாறதுதான் லேட்டாவுது."

அவர் சிரிக்கவில்லை. பாயில் பார்த்ததைச் சொன்னேன். முதல் வாரம் இரண்டு, இரண்டாம் வாரம் ஒன்று. டைரியைத் திறந்து காட்டினேன். அவர் அந்த எண்களைப் பார்க்கவில்லை, தன் இடது கையைப் பார்த்தார். மேசைமேல் அது சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல அவர் அதைப் பார்த்தார்.

"தூங்கறப்போ கூடவா?" என்றார்.

பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, பழுப்பாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரங்களில் கிரீஸ் ஏறியிருந்தது. பட்டன் வளையத்தின் தடம் அதில் பிறைபோலப் பதிந்திருந்தது.

"இந்தா. நீயே வெச்சிக்கோ. இனிமே இத்த வெக்க மாட்டேன். வல்லக்கோட்ட முருகன் மேல சத்தியம். போதுமா?"

போதும் என்றேன். அன்று மாலை ஐம்பதாவது பக்கத்தை அறிக்கையிலிருந்து உருவி எடுத்தேன். கிழிக்கவில்லை. நான் எதையும் கிழிப்பதில்லை.

7

மூன்றாவது வியாழன் போன வாரம்தான். அதாவது இன்றைக்கு மூன்று நாள் முன்பு.

ஒன்பது ஜோடிக் கைகள் ஒழுங்காக எழுந்து இறங்கின. எனக்கு அது பழகிவிட்டிருந்தது. பழகிவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன். காசிராஜனின் இடது கை நீண்டது. வலது கை இறங்கியது. இடது கை இன்னும் முன்னாலேயே, மெஷினில் அச்சு இருக்கும் இடத்திலேயே இருந்தது.

எண்ண ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான். இடது கை பாயில் விழுந்தது. வைக்கவில்லை, விழுந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் பாதி மடங்கி, அப்படியே கிடந்தது. வலது கை மட்டும் தன் போக்கில் எழுந்து அழுத்தியது, எழுந்து அழுத்தியது. கேசட் முடியும்வரை இடது கை மறுபடி எழவே இல்லை. அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத நிம்மதி.

விளக்கைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டார். இடது கையாலேயே டீ கிளாஸை வாங்கினார்.

"இன்னிக்கி நல்ல தூக்கம் பாப்பா."

"பாக்கு வைக்கலலா?"

"சத்தியம் பண்ணிகீறேன் இல்ல?"

இதற்கு இரண்டு விளக்கங்கள். ஒன்று: அவர் நிறுத்திவிட்டார். கை பழைய பழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்தது கடந்த காலம். இரண்டு: நான் பார்த்தது கடந்த காலம் இல்லை.

இரண்டாவதை எந்த அறிக்கையில், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

8

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன். மணி மூன்று ஐந்து.

முடிவு அ. நாளை ஐம்பதாவது பக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கிறேன். பதினொரு மணிக்குக் காசிராஜனைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு அவர் ஒரகடம் சாலையில் நடக்கிறார். தை மாதம் வருகிறது. மதிவதனியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இந்த முடிவை எழுதினால் அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள்.

முடிவு ஆ. பக்கத்தைச் சேர்க்கவில்லை. அவர் சொன்னது உண்மை. தை மாதம் கல்யாணத்தில் நானும் ஏசுவடியான் அண்ணாச்சியும் பந்தியில் உட்காருகிறோம். காசிராஜன் பரிமாறிக்கொண்டே வருகிறார், வலது கையில் கரண்டி, இடது கையில்

இடது கையில் வாளி என்று எழுத வேண்டும். மூன்று முறை முயன்றேன். பேனா ஒவ்வொரு முறையும் அங்கேயே நிற்கிறது.

முடிவு இ. கேசட்டை மாற்றிப் பதிவு செய்கிறேன். 'இடது கையை இழுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒன்பது விநாடிக்கு ஒருமுறை. தூக்கத்தில் கைகள் செய்ததை மெஷினில் கைகள் செய்யும் என்றால், தூக்கத்தில் நான் சொல்லிக்கொடுப்பதையும் செய்யும். இந்த முடிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்த பயிற்சி வியாழக்கிழமைதான். அதற்கு முன் நாலு முழு ஷிஃப்ட் இருக்கிறது.

முடிவு ஈ. நாளை காலை ஏழு மணிக்கு முன்பே கேட்டில் நின்று அவரைப் பிடித்து

9

காற்று வந்து பக்கம் புரண்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்.

நான் வலது கையால் எழுதுகிறவள். எழுதும்போது காகிதத்தை இடது கையால் பிடித்துக்கொள்வேன், எல்லாரையும் போல. இன்று பிடித்துக்கொள்ளவில்லை. தனியாகக் கிடக்கும் ஐம்பதாவது பக்கம் பறக்காமல் இருக்கவும், டைரி மூடிக்கொள்ளாமல் இருக்கவும், காசிராஜன் கொடுத்த பாக்கை எடுத்து ஓரத்தில் வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. என் இடது கை மடியில் கிடக்கிறது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் பாதி மடங்கி. எந்தப் பகுதியிலிருந்து அப்படிக் கிடக்கிறது? ஐந்திலிருந்தா? மூன்றிலிருந்தா?

அதைத் தூக்கினேன். எழுந்தது. ஒன்றுமில்லை. அந்தக் கையாலேயே பாக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் உருண்டை. மறுபக்கம் தட்டை. பாக்குவெட்டியால் வெட்டிய பக்கம், வெள்ளையும் பழுப்புமாக நரம்போடியிருக்கிறது.

ஒரு வாரமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். வளையத்தின் தடத்தைப் பார்த்தேன், கிரீஸைப் பார்த்தேன், டைரியில் 'பாக்கு ஒன்று, பெறப்பட்டது' என்று தேதி போட்டு எழுதினேன். ஒன்று இல்லை. பாதி. பாக்கை வெட்டினால் இரண்டு பாதி.

'இத்த வெக்க மாட்டேன்' என்றுதான் சத்தியம் செய்தார். இதை வைக்கவில்லை.

சரி. பதற்றப்படக் கூடாது. நாளை காலை கேட்டில் நிற்கிறேன். பஸ் ஆறே முக்காலுக்கு வரும். அவர் இறங்கியதும் சட்டைப் பையைக் காட்டச் சொல்கிறேன். இன்று ஞாயிறு, இன்று மெஷின் ஓடா

10

இன்று ஓ.டி. இருக்கிறது.

பட்டியலை நேற்று நானேதான் டைப் செய்தேன். பிரஸ் ஷாப், ஞாயிறு, இரண்டு மணி முதல். எண்களாகத்தான் அடித்தேன்: 104, 109, 112, 117. நோட்டீஸ் போர்டில் நாலு மூலையிலும் பின் குத்தினேன். 117 என்பது ஒரு எண் மட்டுமே என்று என் விரல்கள் நினைத்துக்கொண்டன. டைப் செய்வது அதுபாட்டுக்குப் போகும், அதுபாட்டுக்கு வரும்.

மணி மூன்றரை. இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை அறுநூறு அடி. 'பிணங்கள் அசையாது' என்று நான் அடித்துத் திருத்தியதெல்லாம் அவர் கிளம்பி வரும்போது. லீலா மேடத்தைக் கெட்டவராக்கலாமா என்று யோசித்ததும், நாலு முடிவுகளில் எனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்ததும் அவர் இடது கை உள்ளே போய் வந்துகொண்டிருக்கும்போது.

ஹாஸ்டலுக்கு எதிரே பி.சி.ஓ. போன் பூத் இருக்கிறது. கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை அடிக்கக்கூடிய போன் டைம் ஆபீசில் ஒன்றுதான். அதை எடுக்க வேண்டியவள் நான். நான் இங்கே இருக்கிறேன்.

ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம். நூற்று முப்பத்து மூன்று அடி.

செருப்பைத் தேடிக்கொண்டே நின்றபடி எழுதுகிறேன். ஏன் இன்னும் எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடந்திருக்காது என்று ஒரு நம்பிக்கை. அதுவும் ஒரு பாக்குதான். இதைப் படிக்க உங்களுக்கு ஒன்பது விநாடி ஆகியிருக்கும்.

ஐம்பதாவது பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டேன். பாக்கையும் எடுத்துக்கொண்டேன். அவர் மெஷின்முன் இதை நீட்டி, மற்ற பாதியைக் கேட்பேன். கொடுப்பார் அல்லது

முடிவை என்னால் எழுத முடியாது. திரும்பி வந்தால் எழுதுவேன் என்றும் சொல்ல மாட்டேன். என்ன பார்ப்பேனோ அதை எழுத எனக்குக் கை வருமா தெரியாது. கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எழுதி முடிக்கும்வரை உங்கள் இடது கையை மடியில் விடாதீர்கள். காகிதத்தின் மேல், எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருங்கள்.

……………………………………

……………………………………

……………………………………

……………………………………